தோமியேவின் ஞாயிற்றுக்கிழமைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓனொரே தோமியே என்ற பிரெஞ்சு ஓவியர் 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பத்திரிகைகளுக்குக் கேலிப்படம் போட்டுப் பிழைத்தவர். பூர்ஷ்வா என்று பிரெஞ்சில் சொல்லப்படும் நடுத்தர வர்க்கத்தார் விடுமுறை நாளைக் கழிக்கும் கோலத்தை மட்டுமே நூற்றுக்கணக்கான படங்களில் வரைந்திருக்கிறார். அவற்றை யாருக்காவது காட்டினால் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. அதனால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன்.

யார் இந்தத் தோமியே?

1808இல் மர்செய் நகரில் பிறந்தார். அப்பா சன்னல்களுக்கும் படங்களுக்கும் கண்ணாடி மாட்டும் தொழிலாளி. கவிஞராகப் பெயர் வாங்கிவிடலாம் என்று நம்பிப் பாரிஸுக்குப் போனார், பின்னாலேயே குடும்பமும் போனது. கவிதை சோறு போடவில்லை. பையன் சின்ன வயதிலேயே நீதிமன்ற அமீனா ஒருவரிடம் எடுபிடி, பிறகு புத்தகக் கடையில் வேலை என்று அலைந்து, கடைசியில் கல்லில் படம் வரைந்து அச்சிடும் கல்லச்சுத் தொழிலைக் கற்றுக்கொண்டான். 1879இல் இறக்கும்போது அவர் கணக்கில் ஏறக்குறைய 4,000 கல்லச்சுப் படங்கள் இருந்தன. மரத்தில் செதுக்கி அச்சிட அவர் வரைந்து தந்தவை ஏறக்குறைய ஆயிரம். ஓவியராக மதிக்கப்பட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. ஊர் அவரைப் பத்திரிகைக்காரராகவே வைத்திருந்தது.

பூர்ஷ்வா என்றால் முதலாளிதானே? அவரை எதற்கு "நடுத்தர வர்க்கம்" என்கிறீர்கள்?

அந்தச் சொல் நமக்கு மேடைப் பேச்சு வழியாக வந்தது. அதனால் கேட்டவுடன் தொப்பையும் சுருட்டுமாக ஆலை முதலாளி கண்ணுக்குத் தெரிகிறார். தோமியே வரைந்த பூர்ஷ்வா அவ்வளவு பெரிய ஆள் இல்லை. துணிக்கடை வைத்திருப்பவர், வீட்டு வாடகையிலும் கடன் பத்திர வட்டியிலும் காலம் தள்ளுபவர், அரசு அலுவலகத்து எழுத்தர், தேசியக் காவல் படைச் சீருடையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பவர், இப்படிப்பட்டவர்கள்தான். அன்றைக்கு வாக்குரிமை வேண்டும் என்றால் ஆண்டுக்கு 200 பிராங்க் நேரடி வரி கட்டியிருக்க வேண்டும். இவர்களில் பலருக்கு அதுவும் கிடையாது. குடை உண்டு, தொப்பி உண்டு, ஞாயிற்றுக்கிழமை உண்டு.

ஷாரிவாரி என்பது என்ன?

அவர் படங்களில் பெரும்பாலானவை வெளிவந்த நாளேடு. கிழவன் இளம்பெண்ணைக் கட்டிக்கொண்டால் ஊர்ப் பையன்கள் அந்த வீட்டு வாசலில் கூடித் தட்டு, சட்டி, பானை என்று கையில் கிடைத்ததைத் தட்டி மானத்தை வாங்குவார்கள். அந்தக் கூச்சலுக்குப் பிரெஞ்சுக் கிராமங்களில் ஷாரிவாரி என்று பெயர். ஷார்ல் ஃபிலிபோன் 1832 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய ஏட்டுக்கு அதையே பெயராக வைத்தார். நாள்தோறும் ஒரு புதுப் படம் என்பது அதன் வாக்குறுதி. லண்டனில் 1841இல் பஞ்ச் பத்திரிகை தொடங்கியபோது "லண்டன் ஷாரிவாரி" என்றே துணைப்பெயர் வைத்துக்கொண்டது.

அரசரைக் கிண்டல் செய்து சிறைக்குப் போனவர், குளிக்கிறவரையும் தூண்டில் போடுகிறவரையும் ஏன் வரையப் போனார்?

போனார் என்பதைவிடத் தள்ளப்பட்டார் என்பதே சரி.

1831இல் அவர் "கார்காந்துவா" என்ற படம் போட்டார். பழைய பிரெஞ்சுக் கதை ஒன்றில் வரும் பெருந்தீனிப் பூதத்தின் பெயர் அது. மன்னர் லூயி ஃபிலிப் பூதாகாரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை. ஏழைகள் கொட்டும் காசைக் கூடையில் சுமந்துகொண்டு ஆட்கள் பலகை மேல் ஏறுகிறார்கள், மன்னர் விழுங்குகிறார். கீழே பட்டங்களும் பதவி ஆணைகளும் விழுகின்றன. நாற்காலி எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. தண்டனை ஆறு மாதச் சிறை, 500 பிராங்க் அபராதம். வெளியே வந்தும் அடங்கவில்லை. 1834 ஏப்ரலில் பாரிஸின் திரான்ஸ்நொனென் தெரு வீடு ஒன்றில் படைவீரர்கள் நுழைந்து, தூக்கத்தில் இருந்தவர்களைக் கொன்றார்கள். தோமியேவின் படத்தில் இரவுச் சட்டையோடு ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை.

1835 ஜூலை 28ஆம் தேதி மன்னரைக் கொல்ல ஒரு முயற்சி நடந்தது. அரசாங்கம் காத்திருந்த சாக்கு கிடைத்துவிட்டது. செப்டம்பரில் வந்த சட்டங்கள், எந்தப் படத்தையும் வெளியிடுமுன் அனுமதி வாங்க வேண்டும் என்றன. தணிக்கை இனி வரவே வராது என்று 1830ஆம் ஆண்டு அரசியல் சாசனத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்களே என்று கேட்டால், அது கருத்துக்குத்தான், படம் கருத்தல்ல, அது ஒரு செயல் என்று பதில் வந்தது. எழுத்தை விட்டுவிட்டுப் படத்துக்கு மட்டும் பூட்டுப் போட்ட அந்த வக்கீல்தனத்தில், தெரியாமலேயே ஓவியருக்கு ஒரு பாராட்டும் இருக்கிறது.

அமைச்சரை வரைய முடியாது. ஷாரிவாரிக்கோ நாளைக்கும் ஒரு படம் வேண்டும். ஆக, தெருவில் நடப்பவர்தான் மிச்சம். அதற்குப் பிந்தைய படங்களைத் தேதிப்படி அடுக்கினால் இந்தக் கதவு திறப்பதும் மூடுவதும் தெளிவாகத் தெரியும். 1848 பிப்ரவரிப் புரட்சி மன்னரை விரட்டுகிறது, அரசியல் படங்கள் திரும்ப வருகின்றன. 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்றுகிறார், 1852இல் முன்அனுமதி மறுபடியும் சட்டமாகிறது. உடனே தோமியேவின் ஆட்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிராமப்புறத்துக்கும் கடற்கரைக்கும் கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படியானால் இவை வேறு வழியில்லாமல் போட்ட சப்பைப் படங்கள்தானே?

பல கலை வரலாறுகள் அந்தத் தொனியில்தான் பேசுகின்றன. வீரமான அரசியல் படங்கள் ஒரு பக்கம், வயிற்றுப்பாட்டுப் படங்கள் மறுபக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

மன்னரைக் கிண்டல் செய்யும்போது வாசகர் ஓவியரோடு சேர்ந்து சிரிக்கிறார். அதில் அவருக்குச் செலவு எதுவும் இல்லை. பொழுதுபோக்குப் படங்களில் மாட்டிக்கொண்டவர் அந்த வாசகரே. ஷாரிவாரிக்குச் சந்தா கட்டக்கூடியவர்களும், காப்பிக் கடையிலும் வாசக சாலையிலும் உட்கார்ந்து அதைப் புரட்டியவர்களும் பெரும்பாலும் அதே வர்க்கம். காலையில் ஏட்டைப் பிரித்தால், நேற்று அவர் மழையில் நனைந்துகொண்டு வந்த கோலம் படமாக இருக்கிறது. "பக்கத்து வீட்டுக்காரன் மாதிரியே இருக்கான் பாரேன்" என்று மனைவியிடம் காட்டியிருப்பார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரரும் இவரைப் பற்றி அதையேதான் சொல்லியிருப்பார்.

பூர்ஷ்வாவை இவரைப் போல அறிந்தவரும் நேசித்தவரும் இல்லை என்று கவிஞர் பொத்லேர் 1857இல் எழுதினார். நேசம் என்ற சொல்லை அவர் சும்மா போடவில்லை. மன்னர் படத்தில் இருக்கும் வெறுப்பு இவற்றில் எங்கேயும் கிடையாது.

எந்தெந்தப் பொழுதுபோக்குகளை வரைந்தார்?

முதலில் குளியல், ஏனென்றால் எனக்குப் பிடித்தது அதுதான். சேன் நதியில் மரத்தால் கட்டி மிதக்கவிட்ட குளியல் கூடங்கள் இருந்தன. பணக்காரர்களுக்கு அலங்கார வேலைப்பாட்டோடு ஒன்று, மற்றவர்களுக்கு நான்கு சூ, அதாவது ஒரு பிராங்கில் ஐந்தில் ஒரு பங்கு, கொடுத்து நுழையும் கூடங்கள். 1839இலிருந்து "குளிப்பவர்கள்" என்று ஒரு வரிசை போட்டார், 1847இல் "குளிக்கும் பெண்கள்". சட்டையும் தொப்பியும் கழன்றதும் மரியாதை எல்லாம் கரையிலேயே நின்றுவிடுகிறது. பானை வயிறு, குச்சிக் கால், கூன் முதுகு, நீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நடுங்கும் பெரிய மனிதர். பிரெஞ்சுக் கலைக் கல்லூரிகள் கிரேக்கச் சிலை போன்ற உடலை வரையச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சிலைகளுக்கான பதில் என்று நான் இவற்றைப் பார்க்கிறேன். 1846இலிருந்து அவர் குடியிருந்ததும் சேன் நதி நடுவில் இருக்கும் சேன் லூயி தீவில்தான்.

வேட்டைக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு வேட்டை பிரபுக்களின் உரிமை. 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவோடு அது ஒழிந்தது. 1844ஆம் ஆண்டுச் சட்டப்படி 25 பிராங்க் கட்டினால் அனுமதிச் சீட்டு கிடைத்தது. கூலித் தொழிலாளிக்கு அது பல நாள் சம்பளம், கடைக்காரருக்கு எட்டக்கூடிய பிரபுத்தனம். துப்பாக்கி, தோல் காலுறை, பெரிய பை எல்லாம் சேர்த்து வாங்கிக்கொண்டு கிளம்புவார். பை காலியாகத் திரும்பும். தோமியேவின் வேட்டைப் படங்களில் நிலைமையைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் பெரும்பாலும் நாய்தான்.

தூண்டில்காரர்கள், படகு ஓட்டிகள் (1843இல் இவர்களுக்கென்று தனி வரிசையே உண்டு), நாட்டுப்புறத்துக்குச் சுற்றுலா போய்ப் பூச்சிக்கடி வாங்குபவர்கள் என்று பட்டியல் நீளும். ஊருக்கு வெளியே போவதற்கு இயற்கைக் காதல் மட்டும் காரணமில்லை. நகர எல்லைக்குள் நுழையும் மதுவுக்கு வரி உண்டு, எல்லைச் சுவரைத் தாண்டினால் அதே மது மலிவு. ஞாயிறு மாலை அந்தப் பக்கத்துச் சாராயக்கடைத் தோட்டங்கள் நிரம்பி வழிந்ததில் ஆச்சரியமில்லை.

பிறகு ரயில். பாரிஸின் முதல் பயணிகள் ரயில் 1837இல் சேன் ஜெர்மேன் பக்கம் ஓடியது, அதுவே ஒரு உல்லாசப் பாதைதான். 1843இல் ரூவான், 1847இல் ல ஆவ்ர், 1848இல் தியெப் என்று கடல்வரை தண்டவாளம் நீண்டது. சலுகைக் கட்டணத்தில் "இன்ப ரயில்கள்" விட்டார்கள். இரவெல்லாம் நெருக்கியடித்து உட்கார்ந்து, கடலைப் பார்த்து, மறுபடி நெருக்கியடித்துத் திரும்ப வேண்டும். தோமியேவின் ரயில் படங்களில் உள்ள பயத்தை நாம் நாட்டுப்புறத்தான் பயம் என்று நினைத்துவிடக் கூடாது. 1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை, வெர்சாய் நீரூற்றுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டம் ஏறிய ரயில் மெதோன் அருகே தடம் புரண்டு தீப்பிடித்தது. பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டும் வழக்கம் அன்று இருந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நாடகக் கொட்டகையில் அவர் மேடையைவிடப் பார்வையாளர்களையே அதிகம் பார்த்தார். சோகக் காட்சிக்குக் கைக்குட்டையைப் பிழியும் முகங்கள் வரிசை வரிசையாக இருக்கும்.

இவர்கள் ஏன் ஒருவர்கூடச் சந்தோஷமாக இல்லை?

இதைக் கேட்பவர்களை எனக்கு உடனே பிடித்துவிடும், ஏனென்றால் படத்தை ஒழுங்காகப் பார்த்திருக்கிறார்கள். ஆறு நாளும் கல்லாவில் உட்கார்ந்த மனிதர், ஏழாம் நாளையும் கல்லாவைப் போலவே நடத்துகிறார். இவ்வளவு செலவு செய்தாயிற்று, அதனால் அனுபவித்தே ஆக வேண்டும். காற்று வாங்கப் போனவர் காற்றோடு மல்லுக்கு நிற்கிறார். நிழலில் உட்காரப் போனவர் எறும்புப் புற்றில் உட்காருகிறார். திரும்பி வந்து "அருமையான நாள்" என்று சொல்வார், சொல்லித்தான் ஆக வேண்டும்.

முன்பு ஓய்வு என்பது பிரபுக்களுக்குப் பிறவிச் சொத்து, யாரும் அதைக் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. உழைப்பாளிக்கு அது திருவிழாவும் குடியும். நடுவில் இருந்தவர்தான் ஓய்வை விலைக்கு வாங்கினார், கூடவே பாடமாகவும் படித்தார். பாடம் பாதி ஏறி நிற்கும் கட்டத்தில் தோமியே அவரைப் பிடித்துவிட்டார்.

கல்லில் எப்படி அச்சிட்டார்கள்?

சிவகாசிப் பக்கத்தில் "லித்தோ" என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். கல்லச்சு அதுதான். 1790களின் இறுதியில் பவேரியாவில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்தார். சோல்ன்ஹோஃபென் ஊரின் வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில், மெழுகும் சோப்பும் கரியும் கலந்த எண்ணெய்ப் பசை உள்ள கட்டியால் வரைய வேண்டும். கோந்தும் கொஞ்சம் அமிலமும் பூசிப் படத்தைக் கல்லில் நிலைக்க வைப்பார்கள். பிறகு கல்லை நனைத்து மை உருளையை ஓட்டினால், பசை பட்ட இடம் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் தள்ளிவிடும். தாளை வைத்து அழுத்தினால் படம் வந்துவிடும், இடவலம் மாறி.

செம்பில் செதுக்குவது போல நாள்கணக்கில் உட்கார வேண்டியதில்லை. காகிதத்தில் வரைவது போல வரைந்து கொடுத்துவிடலாம். தினசரிக்குத் தினசரி புதுப் படம் என்பது இந்தக் கல் இல்லாமல் நடந்திருக்காது. தோமியேவின் கோட்டில் உள்ள அந்த அவசரமும் ஓரளவு கல்லின் கொடை.

படத்தின் கீழே உள்ள வசனம் அவர் எழுதியதா?

பெரும்பாலும் இல்லை. பத்திரிகை அலுவலகத்தில் யாராவது எழுதுவார்கள். "ரொபேர் மக்கேர்" என்ற புகழ்பெற்ற மோசடிக்காரன் வரிசைக்கு (1836 முதல் 1838 வரை) வசனம் ஃபிலிபோனுடையது. வசனங்கள் நீளம், சில சமயம் மொக்கை. நான் முதலில் படத்தைப் பார்த்து, சிரித்து முடித்த பிறகே வசனத்துக்குப் போவேன். பாதி நேரம் போகாமலேயே விட்டுவிடுவேன்.

பெண்களை எப்படி வரைந்தார்?

இங்கே அவருக்காக வாதாட நான் தயாராக இல்லை. எழுதும் பெண்களைக் கிண்டல் செய்த 1844ஆம் ஆண்டு வரிசை 40 படங்கள். அம்மா கவிதை எழுதுகிறாள், குழந்தை தொட்டியில் விழுகிறது, அப்பா தடுமாறுகிறார் என்ற வகையறா. ஆண் ஓய்வெடுத்தால் அது வேடிக்கை, பெண் பேனாவை எடுத்தால் உலகம் கவிழ்ந்துவிடும் என்ற பார்வை அது. கோடு அப்போதும் அற்புதமாகத்தான் இருக்கிறது, அதனாலேயே இன்னும் எரிச்சலாக வருகிறது. அரசியலில் குடியரசுவாதி வீட்டுக்குள் மன்னராட்சியை விரும்புவது அவரோடு தொடங்கியதும் இல்லை, முடிந்ததும் இல்லை.

இவர் ஒருவர்தானா?

இல்லை. காவர்னி முகமூடி நடனங்களையும் நாகரிக இளைஞர்களையும் நேர்த்தியாக வரைந்தார், அவர் வரையும் கோட்டின் தையல் கச்சிதமாக இருக்கும், ஆனால் அதற்குள் உடம்பு இருக்காது. கிராண்வில் மனிதர்களுக்கு மிருகத் தலை வைத்தார். ஆன்றி மொன்னியே, புருதோம் என்ற உபதேசம் செய்யும் பூர்ஷ்வாவைப் படைத்து, தானே மேடையில் நடித்தும் காட்டினார். ஷாம் என்பவர் கணக்கு வழக்கில்லாமல் போட்டுத் தள்ளினார். பின்னாளில் பைபிள் படங்களால் பெயர் பெற்ற குஸ்தாவ் தொரேகூட இளவயதில் பாரிஸ் ரசிகக் கூட்டங்களைக் கிண்டல் செய்தவர்.

பலூனில் ஒருவர் கேமராவோடு பறக்கும் படம் இவருடையதா?

ஆம், 1862. பறப்பவர் புகைப்படக்காரர் நதார். அவர் பலூனில் ஏறி வானிலிருந்து படம் எடுத்தது நிஜம். கீழே பாரிஸின் கட்டடம் ஒவ்வொன்றிலும் "புகைப்படம்" என்ற பலகை தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு அசையாமல் உட்கார்ந்து முகத்தைப் பதித்துக்கொள்வது அப்போது புதுப் பித்து. இந்தப் படம் ஷாரிவாரியில் வரவில்லை. 1860இல் அந்த ஏடு அவரை நிறுத்திவிட்டது, வாசகர்களுக்கு அலுத்துவிட்டதாம். 1863 கடைசியில் திரும்பக் கூப்பிட்டார்கள்.

பழைய தாள் ஒன்றை விற்கிறார்கள். அசல்தானா என்று எப்படிப் பார்ப்பது?

திருப்பிப் பாருங்கள். ஷாரிவாரியில் வந்த படம் என்றால் பின்பக்கம் பத்திரிகைச் செய்தி அச்சாகியிருக்கும், மெலிந்த தாளில் எழுத்து முன்பக்கம்வரை தெரியும். பின்பக்கம் வெறுமையாக, தாள் கொஞ்சம் கெட்டியாக இருந்தால், சேகரிப்பவர்களுக்கென்று தனியாக அச்சிட்ட பிரதியாக இருக்கலாம், அதற்கு விலை அதிகம். பூதக்கண்ணாடியில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் அது பிற்காலத்து இயந்திர நகல். நேரில் பார்க்க முடியாவிட்டால் பிரெஞ்சு தேசிய நூலகத்தின் காலிகா இணையதளத்தில் ஷாரிவாரி இதழ்களே இருக்கின்றன, காசு கேட்பதில்லை.

ஒரே ஒரு படம் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

1864 மே மாதம் வந்த வீனஸ் படம். பின்னணி இது: முந்தின ஆண்டு பாரிஸின் அரசு ஓவியக் கண்காட்சியில் கபனெல் வரைந்த "வீனஸின் பிறப்பு" வைக்கப்பட்டது. அலைமேல் மல்லாந்து படுத்திருக்கும் வழுவழு தேவதை. மூன்றாம் நெப்போலியன் என்ற பெயரில் பேரரசராகிவிட்டிருந்த அதே லூயி நெப்போலியன் அதை விலை கொடுத்து வாங்கினார். பிறகு வீனஸ்களுக்குக் கேட்பானேன். தோமியேவின் படத்தில் அப்படிப்பட்ட நிர்வாண ஓவியங்களுக்கு முன்னால் தொப்பியும் சால்வையுமாக நடுத்தர வயதுப் பெண்கள் இருவர் நிற்கிறார்கள். ஒருத்தி பொறுமை இழந்து சொல்கிறாள்: "இந்த வருஷமும் வீனஸ்தான், எப்போ பார்த்தாலும் வீனஸ்! என்னமோ பொம்பளைங்க இப்படித்தான் இருக்கிற மாதிரி!"

இந்த வசனத்தை மட்டும் நான் விடாமல் படிப்பேன்.